முளைக்காத எழுத்து

ஜூன் 9

அன்புள்ள மைக்கறைக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் இங்கே பத்திரமாக இல்லை.

இன்று காலை வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு இருந்தது. யாரோ கொடுத்துவிட்டுப் போன ஜெல்லி மிட்டாய் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே பச்சையாக மயிர் முளைத்து, ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்து, நடுவில் அந்தப் பச்சை ஒரு எழுத்து மாதிரி வளைந்து நின்றது. எழுத்து! என்னால் வாஷ்பேசின்வரை போக முடியவில்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன், நான் கான்வென்டில் படித்தவள்.

வெண்ணெய், ஜாம், முட்டை எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டு வெந்நீரால் கழுவினேன். வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாம்பு கீம்பு புகுந்துச்சா?" என்றாள். "பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டிருப்பேன். கவிதை புகுந்திருச்சு" என்றேன்.

ஏனடி இப்படி? காலமெல்லாம் பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தாய். மரியாதையான வேலை. ரிடையர் ஆனவர்கள் முட்டி வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நீ அழுக்கை வளர்த்து அதற்குக் கவிதை என்று பேர் வைக்கிறாய். பத்திரிகைக்காரர்களும் 'அறிவியலையும் கவிதையையும் இணைக்கும் கலைஞர்' என்று போடுகிறார்கள். இணைத்த இடத்தில் என்ன ஊறுகிறது என்று அவர்கள் யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை தோறும் மதர் நம் நகத்தைப் பார்ப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன் விரல் முழுக்க மை. உனக்கு ஸ்கேலால் அடி, எனக்கு ரிப்பன். அன்று வைத்த பேர்தான் நம் இரண்டு பேருக்கும். எழுபது வயதுக்கு மேல் நீ மையிலிருந்து பூசணத்துக்கு வளர்ந்திருக்கிறாய்.

அவர் போன இந்த ஒரு வருஷத்தில் என்னோடு ஒரு வாரம் தங்க வந்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் உன்னைத் திட்டுகிறேன். மற்றவர்களைத் திட்டலாமென்றால் அவர்கள் வருவதே இல்லை.

இப்படிக்கு, இன்னும் குமட்டலோடு,
சோப்பு


ஜூன் 15

என் அருமை சோப்புக்கு,

ஐயோ, அந்தத் தட்டை உன் ஃபிரிட்ஜிலா விட்டேன்? இங்கே அதைத் தேடாத இடமில்லை. கொட்டிவிட்டாயா? கொட்டித்தான் இருப்பாய். அது உன் வீட்டுத் தட்டு இல்லை, மனதைத் தேற்றிக்கொள். என் பல் டாக்டர் வீட்டுச் சமையலறை. அடுத்த முறை அவர் "வாயைத் திறங்க" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரப்போகிறது.

நீ மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதால் நான் செய்ததைச் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேள். பத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் குழாய், கதவுக் கைப்பிடி, தொலைபேசி, தினமும் உட்காரும் நாற்காலி, இவற்றை ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைப்பேன். அதே குச்சியால் தட்டிலுள்ள ஜெல்லிமீது இரண்டே சொல் எழுதுவேன்: 'இங்கே வாழ்கிறோம்'. எழுதும்போது கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எழுத்து முளைத்திருக்கும். ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் ஆரஞ்சு, ஒரு வீட்டில் பால் வெள்ளை. எழுதுகிறவள் நான், மை அந்த வீட்டுக்காரர்கள். தட்டைப் பார்த்தபிறகு அந்த வீட்டுக்கு ஒரு கவிதை எழுதி அடியில் வைப்பேன்.

உன் வீட்டிலும் எடுத்தேன். நீயும்தான் கூடவே நின்றாய். நான் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோய், சுத்தமான தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். "காய்ச்சி ஆறவச்சது. உங்க காலேஜ் தண்ணிய விடச் சுத்தம்" என்று ஃபிளாஸ்க்கை நீட்டினாயே, அந்த முகத்தை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்.

இந்தத் தட்டுகளை வைத்து அடுத்த மாதம் இங்கே ஒரு கண்காட்சி. அதில் உன் வீட்டையும் வைக்கலாமா? நீ சரி சொல்லும்வரை உன் தட்டை ஃபிரிட்ஜிலிருந்தே எடுக்கமாட்டேன், வேண்டாம் என்றால் வைக்கவேமாட்டேன்.

அன்புடன்,
உன் மைக்கறை


ஜூன் 21

அன்புள்ள மைக்கறைக்கு,

பல் டாக்டர் விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் வாயைக் கொப்பளித்தேன். உனக்கு நன்றி.

யோசித்துப் பார்த்தேன். வைத்துக்கொள். ஆனால் என் பேர் வரக்கூடாது, தெருப் பேரும் வரக்கூடாது. 'ஒரு சிநேகிதியின் வீடு' என்று போடு. சிநேகிதி என்ற சொல்லைப் பிழையில்லாமல் போடு. போன முறை நீ அனுப்பிய அழைப்பிதழில் ஒற்றெழுத்துகள் இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இதில் ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. என் நாத்தனாரைத் தெரியுமல்லவா, என் வீட்டுக்காரரின் தங்கை? போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். தட்டைக் கழுவி, அதே ஈரத் துணியால் மேஜையையும் துடைத்து, அதே துணியால் எனக்குக் கொடுத்த டம்ளரையும் துடைத்தாள். நான் காபியைக் குடிப்பது போல் பாவனை செய்து, அவள் உள்ளே போனதும் பூந்தொட்டியில் ஊற்றினேன். அந்தச் செடி பிழைத்ததா என்று தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் 'உனக்கு என்னம்மா வேலை, கழுவிக்கிட்டே இருக்கே' என்று என்னைக் கேட்கிறார்கள். உன் தட்டு இவர்களுக்கு நல்ல பதில் சொல்லும்.

என் வீட்டில் என்ன முளைக்கும், எவ்வளவு முளைக்கும் என்று பார்த்து எழுது. ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
சோப்பு


ஜூலை 2

சோப்புக்கு,

அவசரமாக இரண்டு வரி. பல் டாக்டர் வீட்டில் மறுபடி எடுத்ததையும் சேர்த்து ஒன்பது வீட்டிலும் முளைத்தது. உன் வீட்டில் மட்டும் ஒரு எழுத்துகூட முளைக்கவில்லை. தட்டு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கண்காட்சியின் நடுச்சுவரே அதுதான். சனிக்கிழமை திறப்பு. நீ கட்டாயம் வர வேண்டும்.

மைக்கறை


ஜூலை 13

மைக்கறைக்கு,

வந்தேன். பார்த்தேன். உன்னைச் சுற்றிக் கேமராக்காரர்கள் நின்றதால் நீ என்னைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாயோ என்னவோ. எதுவாக இருந்தாலும் நான் அங்கே என்ன கேட்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாத்தனாரையும் அழைத்து வந்தேன். பெருமையடித்துக்கொள்ளத்தான் அழைத்து வந்தேன், மறைக்கவில்லை. முதலில் அந்த ஒன்பது தட்டையும் பார்த்தோம். 'இங்கே வாழ்கிறோம்' என்று ஆரஞ்சுச் சீழாலும் பச்சை ரோமத்தாலும் எழுதியிருந்தது. ஒன்றில் 'ழ'கரத்தின் வால் தட்டைவிட்டு வெளியே ஏற முயன்றுகொண்டிருந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன். அதன் முன்னால் நின்று சமோசா தின்னுகிறவர்களையும் பார்த்தேன். அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

பிறகு என் தட்டு. கூட்டம் முழுக்க அங்கேதான். தெளிந்த தட்டு, விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. வகுப்பில் முதலாக வந்த பெண்ணின் அம்மா மாதிரி நான் அதன் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றேன். கண்ணாடி கொண்டு வராததால் அடியிலிருந்த கவிதையைப் படிக்கவில்லை. ஒரு கல்லூரிப் பெண் தன் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

கதவைத் திறந்தேன், தரை பளபளத்தது.
ஒருவர் போன பின்
ஒவ்வொன்றாகக் கழுவினாள்:
அவர் தொட்டதை, தொடாததை,
கடைசியில் தன்னை.
இங்கே இப்போது எதுவும் வாழவில்லை.

"ஒண்ணும் புரியல. வெறும் தட்டுதானே இருக்கு, வைக்க மறந்துட்டாங்களா?" என்றார் அந்த அப்பா.

"அதான்ப்பா விஷயமே. யாரோ ஒரு அம்மாவோட வீடாம். புருஷன் போனதிலேருந்து கழுவிக்கிட்டே இருக்காங்களாம். அவங்க மேல ஒரு கிருமிகூட ஒட்டல."

"ஐயையோ பாவம். அந்த அம்மா இருக்காங்களா, அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"இருக்காங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் திரும்பி, "நீங்க பார்த்திருக்கீங்களா, ஆன்ட்டி?" என்றாள்.

"தினமும் பார்க்கிறேன், தலை வாரும்போது."

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனாள். நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. திரும்பும்போது காரில் அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அப்புறம் மெதுவாக, "அண்ணி, கடைசில 'தன்னை'ன்னு வருதே, அது யாரை?" என்று கேட்டாள். கேள்வியில் தேன் சொட்டியது.

எனக்குப் பூசணத்தைக் கண்டால் அருவருப்பு, உனக்குத் தெரியும். இன்று அந்த ஒன்பது தட்டையும் என் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தாலும் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்காது. ஒரு வாரம் என் படுக்கையறைக்கு அடுத்த அறையில் தூங்கினாய். நான் போட்ட காபியைக் குடித்தாய். அவரைப் பற்றி நான் பேசியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் இன்னொரு கையில் பஞ்சுக் குச்சி இருந்திருக்கிறது.

சோப்பு


ஜூலை 19

என் சோப்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை, சத்தியமாக. நீ வந்ததே எனக்குத் தெரியாது.

ஆனால் நான் என்ன செய்யட்டும்? தட்டு அப்படி வந்தது. என் மாணவிகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: கவிதை பொய் சொல்லலாம், தட்டு பொய் சொல்லாது. தட்டில் இருந்ததை நான் படித்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள். அந்த ஒரு வாரமும் நான் பயந்துபோயிருந்தேன். அவருடைய நாற்காலியைக் காலை, மதியம், மாலை என்று துடைத்தாய். உன் கைக்குட்டையைத் தினமும் கொதிக்க வைத்தாய். உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்பிவிட்டு, நான் படி இறங்குவதற்குள் உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாததையெல்லாம் நான் எழுதித்தான் பழக்கம்.

ஒரு செய்தியும் உண்டு. இங்கே மருத்துவக் கல்லூரியில் அந்தத் தட்டை நிரந்தரமாக நுழைவுக் கூடத்துச் சுவரில் பதிக்கப்போகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் விழா. இத்தனை காலத்தில் என் வேலையை ஒரு அறிவியல் நிறுவனம் அறிவியலாகவும் ஏற்றுக்கொள்வது இதுதான் முதல் முறை. சந்தோஷப்படு என்று கேட்கமாட்டேன். மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கிறேன்.

மைக்கறை


ஆகஸ்ட் 3

மைக்கறைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். சிரிக்காதே.

'தட்டு பொய் சொல்லாது' என்று எழுதியிருந்தாய். அந்த வரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. என் நாற்காலியும் என் கைப்பிடியும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு புள்ளிகூடவா முளைக்காது? தபால்காரர் தொட்ட கதவு அது. வேலைக்கு வரும் பெண் தொட்ட தொலைபேசி அது. அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது கை கழுவ ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அப்போதுதான் விளங்கியது.

அந்த ஃபிளாஸ்க்கில் இருப்பது வெறும் வெந்நீர் இல்லையடி. அவர் படுக்கையில் கிடந்தபோது முதுகெல்லாம் புண். அவரைத் தொடுவதற்கு முன் கை கழுவ, காய்ச்சிய தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினி கலந்து வைக்கச் சொன்னாள் நர்ஸ். நிறமில்லாத மருந்து. அவர் போன பிறகும் தினமும் காலையில் கை தானாகக் கலந்துவிடுகிறது. நீ குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தால் சமையலறையிலிருந்து கொண்டு வந்திருப்பேன். 'சுத்தமான தண்ணி இருக்கா?' என்று கேட்டாய். என் வீட்டில் அந்தக் கேள்விக்கு அந்த ஃபிளாஸ்க்தான் பதில். வீடு முழுக்க அதே வாடை என்பதால் உன் மூக்குக்கும் எட்டவில்லை.

நீ ஒவ்வொரு குச்சியையும் அதில்தான் தோய்த்தாய். அந்தக் குச்சியால் சாக்கடையைத் துடைத்திருந்தாலும் ஒன்றும் முளைத்திருக்காது.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று ரொட்டித் துண்டுகளை எடுத்தேன். ஒன்றில் ஃபிளாஸ்க் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். மூன்றாவதை வெறும் காய்ச்சிய தண்ணீரால் நனைத்து, அவர் நாற்காலியின் கைமீது தேய்த்தேன். மூன்றையும் தனித்தனி டப்பாவில் மூடி வைத்தேன், என் சமையலறையில், என் கையால். உனக்கு விட்ட சாபமெல்லாம் எனக்கே விட்டுக்கொண்டேன். ஃபிளாஸ்க் ரொட்டி நனைந்த காகிதம் மாதிரி அப்படியே கிடந்தது. குழாய் ரொட்டியில் பச்சை பிடித்தது. நாற்காலி ரொட்டியில் சாம்பலும் மஞ்சளுமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. அருவருப்பாக இருந்தது. மூடினேன். கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி திறந்து பார்த்தேன்.

அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது, மைக்கறை. நான் அத்தனை துடைத்தும் இருக்கிறது.

உன் தட்டு பொய் சொல்லிவிட்டது. தெரிந்து செய்தாய் என்று சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து செய்த தவறு, அதில் என் பங்கும் உண்டு. இனி நீ செய்ய வேண்டியது உனக்கே தெரியும். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சோப்பு


ஆகஸ்ட் 11

சோப்புக்கு,

நீ சொல்வது சரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டாயம் முளைக்கும் என்று தெரிந்த ஒரு கிருமியை அதே தண்ணீரால் தொட்டு ஒரு தட்டு தனியாக வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். முதலாண்டுப் பெண்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் அது. வைக்காமல் விட்டவர்களுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன்.

ஆனால் இப்போது எப்படிச் சொல்வேன்? அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சுவரைக் குடைந்து விளக்குப் பதித்துவிட்டார்கள். 'தட்டு பொய் சொல்லாது' என்ற என் வரியையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இப்போது போய் 'தண்ணீர் தப்பு' என்று சொன்னால் என் இத்தனை வருஷ வேலையும் ஒரு ஜோக்காகப் போய்விடும். எனக்கு இனி இன்னொரு சுவர் கிடைக்காது.

இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டுமே. தட்டு தவறாக இருக்கலாம். கவிதை உண்மைதானே? உனக்கே தெரியும் உண்மைதான் என்று. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் மைக்கறை


செப்டம்பர் 2

பேராசிரியை அவர்களுக்கு,

நேற்றைய பத்திரிகையில் விழாப் படம் பார்த்தேன். தட்டு சுவரில் இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் சால்வையோடு நிற்கிறீர்கள். புடவை நன்றாக இருந்தது.

'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கே கை கூசுகிறது. அறுபது வருஷப் பழக்கம். சரி, இந்த ஒரு கடிதம் மட்டும் 'நீ' என்றே எழுதி முடிக்கிறேன்.

பயப்படாதே. கல்லூரிக்கு எழுதமாட்டேன், பத்திரிகைக்கும் எழுதமாட்டேன். காட்டிக்கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. உன் மேஜைக்குள் இருந்த மைக்கூட்டைப் பற்றி மதர் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சுவரின் முன்னால் தினமும் நாளைய டாக்டர்கள் நடந்துபோவார்கள். பொய் சொல்லாது என்று கல்லில் வெட்டிய பொய்யைப் படித்துக்கொண்டே உள்ளே போவார்கள். அது உன் பாடு. எனக்கு நினைத்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். கவிதை உண்மைதானே என்று கேட்டாய். உண்மைதான், கடைசி வரியைத் தவிர. அவர் போன பிறகு கழுவிக்கொண்டேதான் இருந்தேன். எதைக் கழுவுகிறேன் என்றுகூடத் தெரியாமல் கழுவினேன். என் கை வெடித்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அன்று காபி குடிக்கும்போது, 'ஏண்டி இப்படிக் கையைப் புண்ணாக்கிக்கிறே, போதும் நிறுத்து' என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன் தோளில் விழுந்து அழுதிருப்பேன். அழுவதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ என்னிடம் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னாய். சுவருக்குக் கேமரா இருந்தது.

பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாய். குழாயைத் துடைத்தாய், கைப்பிடியைத் துடைத்தாய், அவர் நாற்காலியைத் துடைத்தாய். இந்த வீட்டில் என்ன வாழ்கிறது என்று தேடினாய். உன் பின்னாலேயே, ஒவ்வொரு அறைக்கும், ஒரு பெண் பேசிக்கொண்டே வந்தாள்.

இனி இங்கே எழுத வேண்டாம். வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
இங்கே வாழ்பவள்